கிழக்குத் துண்டில் கிடைத்த தங்கம்

றெஜினா போய்விட்டாள் என்ற செய்தி எனக்கு நாலாவது ஆளாகத்தான் வந்தது. அவளுடைய தம்பி அந்தோனி முதலில் பங்குத்தந்தைக்குச் சொல்லியிருக்கிறார். அடுத்தது எங்கள் பழைய கம்பனி இயக்குநர் மார்ட்டினுக்கு. மூன்றாவது, லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் அவள் வழக்கமாக மரக்கறி வாங்கும் கடைக்காரருக்கு. அன்று காலை, கடைசி நாட்களில் அவள் கிடந்த ஹொஸ்பிஸுக்கு அவளைப் பார்க்கப் போகிற வழியில், தோடம்பழம் வாங்கலாம் என்று நான் அதே கடையில் நின்றேன். "அக்கா, றெஜினா அக்கா விடியக்காலமை மோசம் போயிட்டா. தம்பி இப்பதான் போன் எடுத்தவர்" என்றார் அவர். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: முதலில் எனக்கு வந்தது அழுகை அல்ல. இருபது வருடத்துக்கு மேலாக அவளைத் தெரிந்த எனக்கு முன்னால் வெண்டிக்காய் விற்கிறவருக்குத் தெரிந்திருக்கிறதே என்ற எரிச்சல்தான் வந்தது. அழுகை பஸ்ஸில் வந்தது.

அவளையும் என்னையும் தெரிந்தவர்களுக்கு இது புதினமாக இருக்காது. நினைவு மலரில் எழுதுகிறவர்கள் "அன்னார்" என்று தொடங்குவார்கள். "எடியே" என்று கூப்பிட்டு "போடி" என்று பதில் வாங்கிய ஒருத்தியை அன்னார் ஆக்க எனக்குக் கை வரவில்லை. நான் வாசுகி, யாழ்ப்பாணம். அவள் மன்னார். இரண்டு பேரும் லண்டனில் நிலவியல் படித்து, ஒரே கிழமையில் ஒரே சின்னக் கம்பனியில் சேர்ந்தோம். வட கனடாவின் காடுகளில் நிக்கல், செம்பு, பிளாட்டினம், தங்கம் இருக்கிறதா என்று தேடுகிற கம்பனி. மொத்தம் ஐந்து பேர். எங்கள் சனத்துக்கு இந்த வேலையை விளங்கப்படுத்துவது சுலபமல்ல. என் மாமி கனகாலம் நான் நகைக்கடையில் வேலை செய்வதாகவே நினைத்திருந்தார்.

அடக்கப் பூசை எல்லாம் முடிந்த பிறகு மண்டபத்தில் தேநீர் தந்தார்கள். மார்ட்டின் எழுந்து பேசினார். எழுபதைத் தாண்டிவிட்டார், ஆனாலும் கதை சொல்லத் தெரிந்த மனிதர். றெஜினா எத்தனை பெரிய கெட்டிக்காரி என்று சொல்லிவிட்டு, "ஆனால் அவளும் ஒரு முறை எங்களை முட்டாளாக்கினாள்" என்று அந்த மோதிரக் கதையைச் சொன்னார். தங்க மோதிரத்தைக் கழற்ற மறந்து மண் மாதிரியை அரிதட்டில் அரித்தது, மோதிரத்தின் துகள் மண்ணில் சேர்ந்தது, கம்பனி முழுவதும் தங்கம் கிடைத்துவிட்டது என்று துள்ளியது. மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். வாசலில் அந்தோனி என்னைப் பிடித்தார். "அக்கா, முப்பத்தோராம் நாள் நினைவுக்கு மலர் ஒண்டு அடிக்கிறம். நீங்கள்தான் அவவோட கனகாலம் இருந்தனீங்கள். எழுதித் தாங்கோ. அந்த மோதிரக் கதையையும் மறக்காமல் போடுங்கோ, எல்லாரும் வடிவாச் சிரிச்சவை." ஓம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தக் கதையில் ஒரு பிழை இருக்கிறது. நான் திருத்தாவிட்டால் அது அப்படியே அச்சாகி, அவளுடைய மருமக்களின் வீடுகளில் அலுமாரிக்குள் இருக்கப்போகிறது. ஆனால் நேரே அதற்குப் போக எனக்கு இன்னும் மனம் வரவில்லை. கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அவளுடைய கண்ணைப் பற்றி. துளையிடும் இயந்திரம் நிலத்துக்குள்ளிருந்து கல்லை நீளமான உருளைத் துண்டுகளாகக் கொண்டுவரும். அதை வரிசையாகப் பெட்டியில் அடுக்கி, அங்குலம் அங்குலமாகப் பார்த்து எழுத வேண்டும். என்னுடைய குறிப்புகளைப் பார்த்தால் கையெழுத்து அழகாக இருக்கும், வெற்றிடமே இருக்காது. அவளுடைய குறிப்புகளில் பக்கத்துக்கு நாலு இடத்தில் "தெரியாது" என்று எழுதியிருக்கும். ஆங்கிலத்தில் எழுதிய அறிக்கையில் அந்த ஒரு சொல் மட்டும் தமிழில். மார்ட்டின் முதல் முறை அது என்னவென்று கேட்டபோது, அது ஒரு கல்லின் பெயர் என்று நான் நக்கலாகச் சொன்னேன். அவள் பொறுமையாக விளங்கப்படுத்தினாள். பிறகு அந்த மனிதர் என் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, "இதில் 'தெரியாது' ஒன்றுமே இல்லையே, நிச்சயமாகத் தெரியுமா?" என்று கேட்கத் தொடங்கினார். "தெரியாததை முதல் எழுது, மிச்சம் தானா வரும்" என்பாள் அவள். எனக்கு வரவில்லை. தெரியாததைத் தெரியாது என்று எழுத ஒரு துணிச்சல் வேண்டும். அது அவளிடம் இருந்தது, என்னிடம் இல்லை. அதற்காக நான் அவளை மன்னிக்கவில்லை.

இன்னொன்றும் சொல்வாள்: "வடிவான கல்லை நம்பாதை." பளபளவென்று மின்னும் துண்டை நான் எடுத்துக் காட்டினால் பக்கத்தில் வைத்துவிட்டு, ஊத்தையாக, துருப்பிடித்த நிறத்தில் கிடப்பதை எடுத்துக் காந்தத்தில் ஒட்டிப் பார்ப்பாள். பத்தில் எட்டு முறை அதில்தான் நிக்கல் இருக்கும். மிச்ச இரண்டு முறையும் நான் சந்தோஷமாக வீட்டுக்குப் போவேன்.

இனி அந்த வருடத்துக்கு வருகிறேன். எங்களிடம் இரண்டு கிளெய்ம் துண்டுகள் இருந்தன. கிளெய்ம் என்றால் நிலம் சொந்தமல்ல, அங்கே தேடிப் பார்க்கும் உரிமை மட்டும்தான். குறித்த நாளுக்குள் வேலை செய்ததாகக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் உரிமை போய்விடும், அடுத்த நாளே வேறு ஆள் பதிந்துகொள்வான். மேற்குத் துண்டு றெஜினாவுடைய பொறுப்பு, நிக்கலும் செம்பும் இருக்கும் என்றாள். கிழக்குத் துண்டு என்னுடையது. அந்தக் குளிர்காலத்துக்கு எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு துளையிடும் இயந்திரம். எந்தத் துண்டில் துளையிடுகிறோமோ அது கையில் இருக்கும், மற்றது கைவிட்டுப் போகும். இரண்டு துண்டின் மண் மாதிரிகளும் லண்டனுக்கு வந்தன. வெம்பிளியில் கம்பனி வாடகைக்கு எடுத்திருந்த ஒரு சின்னக் கொட்டிலில் அவற்றில் பாதியை அரித்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, மிச்சப் பாதியை அரிக்காமலே சேமித்து வைப்போம். அந்தக் கொட்டிலில் ஒரே ஒரு சட்டம்: உடம்பில் தங்கத்தோடு உள்ளே வரக்கூடாது. வாசலில் ஒரு பிஸ்கட் ரின் இருக்கும். மோதிரம், காப்பு, சங்கிலி எல்லாம் அதற்குள் போய்விட வேண்டும்.

மண் அரிக்க வேண்டிய கிழமைக்கு முந்திய ஞாயிறுதான் எனக்குக் கலியாணம், முப்பத்தாறு வயதில். கலியாணத்துக்குப் பிறகு வருகிற நாலாம் சடங்கு லண்டனில் நாலாம் நாளில் நடப்பதில்லை, மண்டபம் கிடைக்கிற நாளில்தான் நடக்கும். எங்களுக்கு அடுத்த சனிக்கிழமைதான் கிடைத்தது. அதுவரை கையில் தான் போட்ட காப்பும் கழுத்தில் தாலிக்கொடியும் இருக்க வேண்டும் என்று மாமி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மண் அரிப்பதோ அதே கிழமையில், தள்ளிப்போட முடியாது. திங்கட்கிழமை காலை றெஜினா வாசலில் நின்று என் கையைப் பார்த்தாள்.

"உது கழட்டேலாதோ?"

"நாலாம் சடங்கு முடியாமல் கழட்டக் கூடாதாம். மாமி சொன்னவ."

"அப்ப ஒரு கிழமை லீவு எடு. உன்ரை மண்ணையும் நானே அரிச்சுத் தாறன்."

நல்ல மனதோடுதான் சொன்னாள். எனக்குக் கேட்டது வேறு. என் மண்ணிலும் இவள் கை வைக்கப் போகிறாள், என் துண்டிலும் ஏதாவது கண்டுபிடித்து அதையும் தன் பெயரில் எழுதப் போகிறாள் என்றுதான் கேட்டது. "வேண்டாம், ஒரு மாதிரிக் கழட்டிப் போட்டு வாறன்" என்று கழிப்பறைக்குள் போனேன். கொடியைச் சட்டைக்குள் விட்டு ஊசியால் குத்தினேன். காப்பு இரண்டையும் முழங்கைப் பக்கம் ஏற்றி, மேலே நீளக் கையுறை போட்டு, அதன் வாயை டேப்பால் ஒட்டினேன். முதல் நாள் எல்லாம் சரி. இரண்டாம் நாள் காப்பு வழுகிக் கீழே வந்து, அரிதட்டின் விளிம்பில் பட்டுப் பட்டுக் கையுறை கிழிந்தது. மாற்றினேன், அதுவும் கிழிந்தது. மூன்றாம் நாள், என்ன வரப்போகிறது என்று விட்டுவிட்டேன். இங்கிலீசுக்காரர் போடுகிற ஒன்பது கரட் மோதிரம் என்றால் ஒருவேளை தாங்கியிருக்கும். எங்களுடையது இருபத்திரண்டு கரட், மென்மையான தங்கம், நகம் பட்டாலே கீறு விழும்.

மூன்று கிழமையில் ஆய்வுகூடத்தின் முடிவு வந்தது. கிழக்குத் துண்டில் தங்கம். மார்ட்டின் என்னைக் கட்டிப்பிடித்தார். இயந்திரத்தைக் கிழக்குக்கு அனுப்புவது என்று முடிவானது. எட்டு வருடத்தில் முதல் முறையாக எல்லோரும் என் மேசையைச் சுற்றி நின்றார்கள். றெஜினாவும் வந்து கை தந்தாள். அவள் முகத்தில் பொறாமை தெரிகிறதா என்று நான் உற்றுப் பார்த்தேன். முடிவுத் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு தன் மேசைக்குப் போய்விட்டாள்.

அவள் என்ன செய்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். தங்கம் வந்த பைகளின் எண்களை எடுத்துப் பார்த்திருக்கிறாள். அந்த மண்ணில் தங்கத்தோடு கூட வரவேண்டிய வேறு எதுவும் வரவில்லை. வெறும் தங்கமும் கொஞ்சம் செம்பும் வெள்ளியும், அதுவும் இரண்டாம் நாளிலிருந்து நான் அரித்த பைகளில் மட்டும். சேமித்து வைத்த பாதியை எடுத்துத் தானே அரித்து மறுபடி அனுப்பியிருக்கிறாள். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் கொட்டிலுக்கு வந்து இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இரண்டாவது தாளில் தங்கம் இல்லை. பிறகு பிஸ்கட் ரின்னைத் திறந்து, அன்று நான் கழற்றிப் போட்டிருந்த காப்பில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். ஒரு பக்கம் பூவேலை மழுங்கியிருந்தது.

"எடியே, உன்ரை மாமின்ரை தங்கத்தைத்தான் நாங்கள் கண்டுபிடிச்சிருக்கிறம்" என்றாள்.

சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். நான் அழுதேன். "மார்ட்டினுக்குச் சொல்லாதை" என்றேன்.

"திங்கக்கிழமை சொல்லத்தானே வேணும். நீயே சொல்லு."

திங்கட்கிழமை கூட்டத்தில் அவள் இரண்டு தாள்களையும் மேசையில் வைத்தாள். மார்ட்டின் இரண்டையும் பார்த்துவிட்டு, "இது எப்படி நடந்தது?" என்று கேட்டார். றெஜினா என்னைப் பார்த்தாள். நான் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறந்து பூட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் அவள், "நான் அந்த மண்ணில் உதவிக்கு நின்றேன். அம்மாவின் மோதிரத்தைக் கழற்ற மறந்துவிட்டேன்" என்றாள். மார்ட்டினின் முகம் சிவந்தது. அந்த இடத்திலேயே சொன்னார்: இயந்திரம் மேற்குக்குப் போகும், ஆனால் றெஜினா போக மாட்டாள். கவனமான ஒருவர்தான் போக வேண்டும். வாசுகி போகட்டும்.

படிக்கட்டில் அவளைப் பிடித்தேன். நன்றி சொல்ல அல்ல. "ஏன் நீ உதுக்குள்ள தலையைப் போட்டனி?" என்று கத்தினேன். என் வெற்றியை எடுத்தாள், சரி. என் பிழையையும் எடுத்துக்கொண்டு நல்லவளாகவும் ஆகிவிட்டாளே என்று எனக்குப் பற்றி எரிந்தது. "நாளைக்குக் கதைப்பம்" என்று மட்டும் சொன்னாள். அடுத்த நாள் காலை எனக்கும் சேர்த்துத் தேநீர் போட்டுக்கொண்டு வந்து, என் மேசைக்கு எதிரே கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். நான் கலியாண வீடியோக்காரன் ஏமாற்றிய கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு எழும்பிப் போனாள்.

அப்படித்தான் அவளுடைய துண்டில், அவள் குறித்த இடத்தில், அவள் கணக்கிட்ட கோணத்தில் துளை போகும்போது பக்கத்தில் நின்றவள் நான். குறித்த ஆழம் வந்தது, கல்லில் ஒன்றும் இல்லை. நிறுத்தலாம் என்று எனக்குப் பட்டது. அதில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது, மறைக்கவில்லை. நிறுத்துவதற்கு முன் லண்டனுக்கு அழைத்தேன். "கடைசிக் கல்லுத் துண்டை நனைச்சுப் பார்" என்றாள் றெஜினா. நனைத்தேன். "என்ன தெரியுது?" கருமையான கல்லில் ஊசிமுனை அளவில் மஞ்சள் புள்ளிகள், அங்கொன்று இங்கொன்று. "அப்ப நிப்பாட்டாதை. இன்னும் போ." பதினொரு மீற்றர் போனதும் வந்தது: கை கனக்கிற கல், வெண்கல நிறம், முழுவதும் நிக்கலும் செம்பும். அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நான் சிரிக்கிற படம் கம்பனியின் செய்தியில் வந்தது. வெம்பிளியில் கோயில் ஆட்கள் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்தச் சபையில் கதிரை வரிசையில் அவளும் இருந்து கை தட்டினாள்.

அதன் பிறகு அவள் வேறு கம்பனிக்குப் போய், என்னைவிட இரண்டு படி மேலே போனது உங்களுக்குத் தெரியும். மோதிரக் கதை மட்டும் அவளுக்குப் பின்னால் போய்க்கொண்டே இருந்தது. புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு அதைச் சொல்லித்தான் நகையைக் கழற்ற வைப்பார்கள். யாராவது கேட்டால் அவளும் சிரிப்பாள். அந்த மோதிரத்தை அவள் பிறகு போட்டு நான் காணவில்லை.

அவள் போவதற்கு ஒன்பது நாளுக்கு முன் ஹொஸ்பிஸில் கேட்டேன். பதினாலு வருடம் கழித்து. நல்ல வெயில், யன்னல் திறந்திருந்தது, அவள் ஐஸ்கட்டி ஒன்றை வாயில் வைத்திருந்தாள்.

"ஏன் உன்ரை பிழை எண்டு சொன்னனி?"

"உனக்கு வாய் வரேல்லை. புதுசாக் கலியாணம் கட்டினனி, எல்லாருக்கும் முன்னால அழுது போடுவாய் எண்டு நினைச்சன். ஒரு நாளைக்கு நான் எடுத்து வைச்சிருப்பம், அடுத்த நாள் நீயே போய் மார்ட்டினிட்டைச் சொல்லுவாய் எண்டு." ஐஸ்கட்டியை மற்றப் பக்கம் தள்ளினாள். "ஒரு நாளைக்கெண்டுதான்டி எடுத்தனான்."

"உனக்குக் கோவம் வரேல்லையோ?"

"வராமல்? அந்தப் படத்தில என்ரை கல்லைப் பிடிச்சுக்கொண்டு பல்லைக் காட்டிக்கொண்டு நிண்டாய் பார். மூண்டு நாள் சாப்பாடு இறங்கேல்லை. வயிறு எரிஞ்சுது."

நான் வெட்கப்பட வேண்டிய இடம் அது. வெட்கப்பட்டேன்தான். ஆனால் அதற்கு முன்னால் ஒரு சந்தோஷம் வந்தது. றெஜினா என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறாள். மூன்று நாள். பொன்னாடை போர்த்தியபோதுகூட எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வரவில்லை. அவளுக்கு அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். "போடி" என்று சிரித்தாள், சிரிப்பில் இருமல் வந்தது. இருமி முடித்துவிட்டு, "இனியாவது சொல்லுவியோ?" என்று கேட்டாள்.

"ஓம், சொல்லுறன்" என்றேன்.

மார்ட்டினுக்கு அன்று பின்னேரமே அழைத்திருக்கலாம். அழைக்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. ஒன்பது நாள் இருந்தது எனக்கு. அவள் உயிரோடு இருந்து கேட்டிருக்கக் கூடிய ஒன்பது நாள். அவள் போன பிறகு, மண்டபத்தில், அவளுடைய பெட்டியைப் புதைத்துவிட்டு வந்து தேநீர்க் கோப்பையோடு நின்று, மோதிரக் கதைக்கு எல்லோரோடும் சேர்ந்து சிரித்தேன்.

ஆகவே அந்தோனி, மார்ட்டின் (யாராவது அவருக்கு இதை ஆங்கிலத்தில் சொல்லிவிடுங்கள்), கொட்டிலில் எங்களோடு வேலை செய்த எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள். அது மோதிரம் அல்ல, காப்பு. மறதி அல்ல, தெரிந்துதான் போட்டிருந்தேன். என் மண்ணை அவள் தொட்டுவிடக் கூடாது என்று அதோடேயே அரித்தேன். கிழக்குத் துண்டில் கிடைத்த தங்கம் என்னுடையது. மலரில் கதையைப் போடுங்கள், சிரிக்க வேண்டியவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும்.

இதை வாசித்துவிட்டு நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். றெஜினாவை இன்னும் ஒரு படி மேலே வைப்பீர்கள். என்ன மனம் அவளுக்கு என்பீர்கள். நான் உண்மையைச் சொன்னாலும் பெயர் வாங்கப் போகிறவள் அவள்தான். எழுதும்போதே எனக்கு வயிறு எரிகிறது. அவளுடைய புத்தகங்கள் தம்பிக்கு, அவளுடைய கல்லுகள் பல்கலைக்கழகத்துக்கு. எனக்கென்று அவள் விட்டுப்போனது இந்த எரிச்சல் ஒன்றுதான். இதை நான் யாரோடும் பங்கு போட மாட்டேன்.